டாக்டர் வெச்சிருந்த வண்டி

எதிர்வீட்டுப் பங்காளியின் வாசலில் அம்பாசிடர் வந்து நின்ற அன்றிரவே, எங்கள் வீட்டில் மஞ்சளை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. கார் நமக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அம்மா பிறந்த வீட்டுக்குப் போவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான்; அதற்கும் வாசலில் கை காட்டினால் டவுன் பஸ் நிற்கும். அப்பாருவுக்கோ, அதாவது என் அப்பாவின் அப்பாவுக்கு, சைக்கிளில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். ஆனால் பங்காளி வாங்கிவிட்டார். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். வருஷம் 1985. ஈரோட்டைச் சுற்றிய பகுதிக்கு அன்று பெரியார் மாவட்டம் என்று பெயர். பங்காளி என்பவர் அப்பாருவின் பெரியப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெருவும் ஒரு கிணறும் உண்டு. தெரு பஞ்சாயத்துக்குச் சொந்தம். கிணறு யாருக்குச் சொந்தம் என்பதைக் கோர்ட்டு நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தது. அது யோசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து பெரியவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதைத் திண்ணைத் தூணைப் பார்த்துச் சொல்வார்கள். தூண் எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பித்துவிடும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு கார் வாங்கப் பத்துக் கம்பெனி ஏறி இறங்குகிறார்கள். அன்றைக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்தார்கள். 1957-இல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வண்டியின் அச்சை வாங்கிவந்து ஆரம்பித்தது. அப்புறம் முன்பக்கப் பல்வரிசையை அவ்வப்போது மாற்றி மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் வைத்தார்கள். பம்பாய் குர்லாவில் ஃபியட். அதற்குப் பத்மினி என்று பெயர் மாற்றி வெகுநாள் ஆகியும் எங்கள் பக்கம் ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்லை. ஃபியட்டு என்றால் ஃபியட்டுதான். நம் மெட்ராஸ் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டும், பிறகு கெஸலும் செய்து ஓய்ந்திருந்தது. டெல்லிப் பக்கம் குர்கானில் 1983 டிசம்பரில் மாருதி பிறந்திருந்தது. ஆனால் அது வேண்டுமென்றால் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பங்காளி வாசலில் ஒரு கார் நிற்கும்போது காத்திருப்பது எப்படி? ஆகவே பழைய வண்டிதான், ஈரோட்டுத் தரகர்கள்தான்.

வண்டி பார்க்கக் கிளம்பும் கோஷ்டியைச் சொல்ல வேண்டும். தலைவர் அப்பாரு. அந்தியூர் ஆடிச் சந்தையிலும் கண்ணபுரம் சித்திரைச் சந்தையிலும் காங்கேயம் காளைகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய கை அவருடையது. பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வார். சுழி பார்த்து, அந்த மாடு வீட்டுக்கு வந்தால் குடும்பம் என்ன ஆகும் என்று சொல்வார். "காளை வாங்கத் தெரிஞ்சவனுக்குக் காரு என்னடா பெரிய காரு? அதுக்கும் நாலு காலு, முன்னால ரெண்டு கண்ணு" என்பது அவர் கட்சி. அடுத்து அப்பா. அவருக்குக் காரைப் பற்றித் தெரியாது, காகிதத்தைப் பற்றித் தெரியும். ஆர்.சி. புக், டேக்ஸ் டோக்கன், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் பரீட்சைத் தாள் திருத்தும் முகத்தோடு படித்து, நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொள்வார். மூன்றாவது, அம்மாவின் தம்பி. சங்ககிரியில் லாரிப் பட்டறையில் மெக்கானிக். லாரியைவிடச் சின்னதாக எதைக் கண்டாலும் அவர் முகத்தில் ஓர் இரக்கம் தெரியும். நான்காவது அம்மா, கதவு திறக்கும்போது சேலை மாட்டுகிறதா என்று பார்க்க.

ஐந்தாவது நான். நான் பத்து வயசுப் பையன், ஒல்லி. வண்டிக்கு அடியில் நுழைந்து பார்க்க ஆள் தேவைப்பட்டது.

ஆகையால் கார்களை நான் முதலில் தெரிந்துகொண்டது அடிவயிற்றுப் பக்கத்திலிருந்துதான். மாமா டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து உள்ளே தள்ளிவிடுவார். மல்லாக்கப் படுத்தபடி நான் செய்தி வாசிக்க வேண்டும்.

"எண்ணெய் சொட்டுதுங்க மாமா."

"முன்னாலயா, நடுவுலயா, பின்னாலயா?"

"முன்னால. கறுப்பா இருக்குது."

"இன்ஜின் ஆயிலு. அது சொட்டும். நடுவுல பாரு."

"நடுவுல கெட்டியா, ஒரு மாதிரி நாத்தமா..."

"கியர் ஆயிலு. எழுதிக்குங்க மச்சான்."

வெளியே அப்பா எழுதிக்கொள்வார். அம்பாசிடருக்கு முன்சக்கரத்திலிருந்து பின்னோக்கி ஓடும் நீளமான இரும்புக் கம்பிகள் உண்டு. பள்ளத்தில் விழும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு அடியைத் தாங்கும். டார்ஷன் பார் என்பார்கள். ஃபியட்டுக்கு அங்கே சுருள் வில். ஹெரால்டுக்குப் பின்னால், மற்ற வண்டிகளில் நீளவாக்கில் இரண்டு பட்டைகளாகக் கிடக்கும் பிளேட்டு, குறுக்கே ஒற்றையாகக் கிடக்கும். என் வகுப்புப் பையன்கள் தேசியத் தலைவர்களின் பிறந்த நாளை மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில் நான் இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்ப் பைத்தியம் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். சட்டை முழுக்க கிரீஸோடு வெளியே வரும் என்னைப் பார்த்து அம்மா மட்டும், "வண்டி வாங்கறதுக்குள்ள சோப்புக் கட்டிக்கே ஒரு வண்டிக் காசு ஆயிரும்" என்பாள்.

தரகர்கள் காட்டிய வண்டிகளெல்லாம் டாக்டர் வைத்திருந்த வண்டிகள். அதை மட்டும் நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். "ஒரே ஓனருங்க, டாக்டர் வெச்சிருந்த வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும்தான் ஓடுனது." டாக்டர் என்றால் மெதுவாக ஓட்டுவார், நேரத்துக்கு ஆயில் மாற்றுவார், குடித்துவிட்டு ஓட்டமாட்டார் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஈரோட்டில் அத்தனை டாக்டர்கள் நிஜமாகவே இருந்திருந்தால் ஜில்லாவில் ஒருத்தருக்கும் சளிகூடப் பிடித்திருக்காது. மீட்டரைப் பார்த்தால் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும். அப்பாரு மீட்டரைப் பார்க்கவே மாட்டார். குனிந்து பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பரைத் தடவிப் பார்ப்பார். "பல்லு தேஞ்சு ஈறு தெரியுது. இது எட்டுப் பல்லும் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. கன்னுக்குட்டின்னு சொல்றயேப்பா." பிற்பாடு பல புத்தகங்களில் படித்தேன்: மீட்டரைத் திருப்பிவிடலாம், மிதியின் தேய்மானத்தைப் பாருங்கள் என்று. பல்லைப் பார்த்தே அப்பாரு அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

சுழியும் உண்டு. பானெட்டில் வலப்பக்கம் ஒரு நசுங்கல் இருந்தால் அது பாடைச் சுழி, வீட்டுக்கு ஆகாது. கதவில் மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் இறங்குபூரான், சொத்துக் கரையும். கீழிருந்து மேலாக இருந்தால் ஏறுபூரான், தாராளமாக வாங்கலாம். ஒரு தரகர் சமாளிக்கப் பார்த்தார்: "அது கீழ இருந்து மேல போறதுதானுங்க." அப்பாரு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிழிச்சவன் எங்க ஆரம்பிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும், நீயா கிழிச்சே?" என்றார்.

மாமாவின் பரிசோதனை வேறு விதம். பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்திருப்பார். ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து பிடுங்கியது. தகரத்தில் ஒட்டினால் ஒட்டும். துரு தின்ற இடத்தில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் கீழே விழுந்துவிடும். சில வண்டிகளில் காந்தம் ஒட்டும் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. அப்புறம் புகை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங்கு போச்சு. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது திருகினால் சரியாகிவிடும். வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். ஒரு தடவை பின் அச்சு டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்னங்க?" என்றார் அப்பா.

"பூவன் பழமுங்க மச்சான்."

தேய்ந்த பல்சக்கரம் சத்தம் போடாமல் இருக்க வாழைப்பழத்தை உள்ளே தள்ளிவிடுவது தரகுத் தொழிலின் பழைய வித்தையாம். மரத்தூள் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கஞ்சர்கள் என்றார் மாமா.

ஒரு வண்டி மட்டும் இவ்வளவு சோதனையும் தாண்டி நின்றது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அதன் சொந்தபந்தங்கள் இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மலை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்று மாமா சத்தியமங்கலம் தாண்டித் திம்பத்துக்கு ஓட்டினார். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுகூடத் தாண்டியிருக்காது, முன்னால் வெள்ளையாக ஆவி கிளம்பி ரோடு மறைந்துவிட்டது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர், பாட்டி கொடுத்தனுப்பிய மோர், தரகரின் சோடா எல்லாவற்றையும் ரேடியேட்டர் குடித்தது. மோரை ஊற்றியது அப்பா. வெந்நீரில் திரிந்த மோரின் வாசனை மலைக்காற்றில் கலந்து குரங்குகள்கூட விலகிப்போயின. அப்பாரு சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மேடேறுனா நுரை தள்ளுது. வேண்டாம்."

தரகர் அசராமல், "நம்பரைப் பாருங்கய்யா, கூட்டுனா ஏழு வருது" என்றார். அது அன்றைக்குச் சாதாரணப் பாராட்டு இல்லை. முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் 4777. கூட்டினால் 25, அதையும் கூட்டினால் ஏழு. எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தக் கணக்கைப் போடுவார்கள். ஆனால் ஏழு வந்ததால் ரேடியேட்டர் ஆறவில்லை. இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டே வந்து சேர்ந்தோம்.

ஹெரால்டு ஒன்றும் பார்த்தோம். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத வண்டி அது. வெளிர்நீலம். மற்ற கார்களுக்குப் பானெட் மட்டும் திறக்கும். ஹெரால்டுக்கு முகமே மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். இன்ஜினும் முன்சக்கரமும் வெட்டவெளியில் நிற்கும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மாமாவே ஒரு நிமிஷம் அந்த இரக்க முகத்தை மறந்துவிட்டார். தெருவில் திருப்பினால் திரும்பும் பாருங்கள், அம்பாசிடர் மூன்று முறை முன்னும் பின்னும் போகிற இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பிவிடும். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கெஞ்சினேன். அப்பாரு கதவைத் திறந்து உட்காரப் போனார். தலைப்பாகை கூரையில் இடித்துக் கீழே விழுந்தது. சந்தையில் மாடு தலைப்பாகையைத் தட்டிவிட்டால் அந்த மாட்டை வாங்கக் கூடாது. அத்தோடு போயிற்று என் ஹெரால்டு.

தலைப்பாகையை நினைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இந்தியாவில் அம்பாசிடர் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்குப் பொருளாதார நிபுணர்கள் லைசென்ஸ் ராஜ்ஜியம், இறக்குமதித் தடை, போட்டியின்மை என்று பல காரணம் சொல்கிறார்கள். தலைப்பாகை, காந்திக் குல்லா, கொண்டை, பூ, இவ்வளவையும் கலைக்காமல் ஏறி இறங்கக்கூடிய கார் வேறு எது இருந்தது என்பதையும் ஒருவராவது கணக்கில் எடுத்திருக்கலாம்.

விலை பேசுகிற கட்டம் வரை போன வண்டி ஒரே ஒரு ஃபியட். பச்சை. ஈரோட்டில் ஒரு மர டிப்போவுக்குப் பின்னால் நின்றது. பல் சரி, சுழி சரி, காந்தம் ஒட்டியது, புகை இல்லை, எண்ணெய் சொட்டுவது நியாயமான அளவில் இருந்தது. தரகர் சஃபாரி உடை போட்ட இளவட்டம். அப்பாரு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து வலக்கை மேல் போட்டு, கையை நீட்டினார்.

மாட்டுச் சந்தை தெரியாதவர்களுக்காக: அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையையே பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மரியாதையான முறை.

சஃபாரிக்காரர் கையெல்லாம் அப்போது கிரீஸ். நீட்டிய துண்டைப் பார்த்தார். பெரியவரின் பெருந்தன்மை அவரை உருக்கிவிட்டது. துண்டை வாங்கி, விரல் விரலாக, நக இடுக்கு வரை நன்றாகத் துடைத்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நன்றிங்கய்யா" என்றார்.

வீடு வரும் வரை பஸ்ஸில் அப்பாரு வாயைத் திறக்கவில்லை. துண்டை அம்மாவிடம் கொடுத்து, "கை பேசத் தெரியாதவன்கிட்ட என்னத்த வாங்கறது" என்று மட்டும் சொன்னார். துண்டு வெளுக்கவே இல்லை. கடைசியில் எனக்குத்தான் கொடுத்தார்கள், வண்டிக்கு அடியில் போகும்போது விரித்துக்கொள்ள.

இப்படியாக மஞ்சள் விற்ற பணம் பீரோவில் இருக்க, அடுத்த மஞ்சளும் அறுவடைக்கு வந்துவிட்டது. பங்காளி வீட்டுப் பெண்கள் அம்பாசிடரில் எங்கள் வாசலைக் கடக்கும்போது ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்; அது பரிதாபமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்து அழுதாள். அப்போதுதான் ஒரு வயசான தரகர் வந்தார். "அம்பாசிடருங்க. மார்க் 4. டாக்டர் வெச்சிருந்த வண்டி."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் அப்பா, நோட்டைத் திறந்தபடி.

"கவருமெண்ட் டாக்டருங்க. பட்டணத்துல பேசிக்கலாம் வாங்க."

ஈரோட்டுக்குப் போனோம். அங்கிருந்து அவருடைய வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு கவுந்தப்பாடி ரோட்டில் வந்தார். கவுந்தப்பாடி தாண்டியது. கோபி தாண்டியது. "நம்ம ஊர்ப் பக்கம் போறாப்பல இருக்குதே" என்றாள் அம்மா. "அந்தப் பக்கந்தானுங்க" என்றார் தரகர். எங்கள் ஊர் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் வந்தது. எங்கள் தெருவுக்குள் திரும்பி, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, எதிர்வீட்டு வாசலில் வண்டி நின்றது.

பங்காளியின் மருமகன் கால்நடை டாக்டர். காங்கேயத்தில் வேலை. ஆர்.சி. புக் அவர் பெயரில். மாருதிக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தவருக்கு முறை வந்துவிட்டது, அம்பாசிடரைத் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறார். தரகருக்குக் கிணற்று விவகாரம் தெரியாது. நாங்கள் கீழே இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க, அப்பாரு மட்டும் இறங்கினார். "மாட்டு டாக்டரா? அப்பப் பார்க்கலாம்" என்றார்.

அம்பாசிடருக்குப் பக்கத்தில் அந்தப் புது மாருதி நின்றது, அதன் இடுப்புயரத்துக்கு. எனக்கு அம்பாசிடர் நினைவே போய்விட்டது. துண்டை விரித்து மாருதிக்கு அடியில் புகுந்துவிட்டேன். உள்ளே ஒரு ஆச்சரியம் இருந்தது. எல்லா வண்டியிலும் இன்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை நடுவே ஒரு நீள உருளை ஓடுமே, அது இல்லை.

"மாமா, நடுவுல தடியே இல்லீங்க!"

மாட்டு டாக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இதில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறது, சக்தி முன்சக்கரத்துக்கே போகிறது, முன்சக்கரம் இழுக்கிறது, பின்சக்கரம் சும்மா கூட வருகிறது. அப்பாரு வெகுநேரம் அந்தக் குட்டி வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு கேட்டார்:

"மாடு முன்னால நின்னுதானே இழுக்கும். அப்ப இத்தனை வருஷமா எல்லாக் காரையும் பின்னால இருந்து தள்ளிட்டா இருந்தானுங்க?"

திண்ணையில் இருந்த பங்காளி, தூணைப் பார்த்து, "அதையேதான் நானும் கேட்டேன்" என்றார்.

உலகத்துக் கார் இன்ஜினியர்கள் பல பத்தாண்டுகளாக விவாதித்த விஷயம் இது. எங்கள் தெருவில் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. அப்பாரு மாருதியையே கேட்டிருப்பார். கதவைத் திறந்து தலைப்பாகையை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் அம்பாசிடர் பக்கம் வந்தார். பல் பார்த்தார், சுழி பார்த்தார். எல்லாம் முடிந்தது. விலை பேச வேண்டும். பேச்சுவார்த்தை கிடையாது. தரகர் இவரைப் பார்க்கிறார், அவரைப் பார்க்கிறார்.

பங்காளி திண்ணையை விட்டு இறங்கி வந்தார். தோள் துண்டை எடுத்துக் கை மேல் போட்டார். அப்பாரு கையை உள்ளே விட்டார்.

துண்டு அசைந்தது. இவர் புருவம் ஏறியது, அவர் உதடு பிதுங்கியது. துண்டு மறுபடி அசைந்தது. தெருவே கூடி நின்றது, ஒரு சத்தமில்லை. ஒரு கட்டத்தில் அப்பாரு கையை உருவிக்கொள்ளப் போக, பங்காளி உள்ளேயே மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினார்கள். முடிந்தது. "எவ்வளவுங்க?" என்று அப்பா நோட்டோடு போனார். சொல்லவில்லை. "எவ்வளவுங்கய்யா, எனக்குக் கமிஷன் போடோணுமே" என்று தரகர் கெஞ்சினார். அவருக்கும் சொல்லவில்லை, மதிப்பாக ஏதோ கையில் வைத்து அனுப்பினார்கள். இரண்டு பெரியவர்களும் காலமாகிவிட்டார்கள். அப்பாவின் நோட்டில் விலை என்று எழுதி எதிரே புள்ளி புள்ளியாக விட்ட இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இதனால் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன என்று எழுத ஆசைதான். அடுத்த வாய்தாவுக்கு அப்பாரு அந்த அம்பாசிடரில்தான் கோர்ட்டுக்குப் போனார். பங்காளி மாருதியில் போனார்.

பண்ணாரி அம்மன் கோயிலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை எடுத்தோம். முன்னால் நீள சீட்டு. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருப்பதால் முழங்காலுக்கு இடைஞ்சல் இல்லை. டிரைவரோடு நாலு பேர். பின்னால் எத்தனை பேர் என்பது போகிற விசேஷத்தைப் பொறுத்தது. மாமாதான் அப்பாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு மாமா ரொம்ப நாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வண்டியைக் கிழக்குப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், தொழுவத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அப்பாருவின் சட்டம். முதல் மாட்டுப் பொங்கலன்று காலையில் எழுந்து பார்த்தால் அம்பாசிடரின் முன் பம்பரில் இரண்டு முட்டுகள் நிமிர்ந்து நிற்குமே, அவற்றில் ஒன்றுக்கு சிவப்பு, ஒன்றுக்கு நீலம் அடித்து, சலங்கையும் கட்டியிருந்தார். "மாமா, பள்ளிக்கூடத்துல இவரைச் சிரிப்பாங்க" என்று அம்மா அப்பாருவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "கொம்புக்கு வர்ணம் அடிக்காத வூட்டப் பார்த்துத்தான் சிரிப்பாங்க" என்றார். அந்த வர்ணத்தோடுதான் வண்டி தை மாசம் முழுக்க ஓடியது.

என் பைத்தியம் அதற்குப் பிறகு முற்றியது. கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்று வருகிற வண்டி எது என்று சத்தத்தை வைத்துச் சொல்வேன். அப்போது நாலே வகைதான் என்பதால் பெரிய வித்தை இல்லை என்பார்கள் பொறாமைக்காரர்கள். மாமா மெட்ராஸுக்கு லாரியில் லோடு கொண்டுபோனபோது சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன கதைகள் என் படிப்பைக் கணிசமாகக் கெடுத்தன. கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்தே ஒற்றை ஆள் பந்தயக் கார் செய்தார் என்று பேப்பரில் படித்த அன்று நான் அப்பாருவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அந்த முன்னால் இழுக்கிற குட்டிதான் என்று. "நல்ல சாதிக் கன்னுன்னு அன்னிக்கே தெரியும்" என்றார், தலைப்பாகையைச் சரிசெய்தபடி. அதே கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனபோது கேட்டு மகிழ அப்பாரு இல்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். காருக்கும் என் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் பழைய கார் காட்சியகத்துக்குப் போய்விட்டால் என் மனைவி பக்கத்துக் கடைத்தெரு முழுவதும் பார்த்து முடித்துவிட்டு வந்தாலும் நான் வெளியே வந்திருக்கமாட்டேன். 'தொடாதீர்கள்' என்று போட்டிருப்பார்கள். அடியில் புகாதீர்கள் என்று போடவில்லையே என்று ஒரு முறை குனிந்தேன். ஐம்பது வயசில் குனிவது சுலபம், நிமிர்வதற்குக் காவலாளி வர வேண்டியிருந்தது. 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் ஒரு பிரெஞ்சு கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. பல் இல்லை, சுழி இல்லை, வண்டியே இல்லை; வெறும் பெயர். எந்தத் துண்டுக்கு அடியில் அந்த விலை படிந்தது என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

போன மாசம் மகள் மின்சாரக் கார் வாங்க வேண்டும் என்றாள். ஷோரூமுக்குக் கிளம்பும்போது அம்மாவும் ஏறிக்கொண்டாள். எண்பது வயசாகிறது. விற்பனைப் பையன் பேசிய பேச்சில் பாதி எனக்கே புரியவில்லை: திரை, செயலி, தானாக நிற்கும் பிரேக். பெட்ரோல் இல்லை, புகை இல்லை, ஆயில் இல்லை. அடியில் புகுந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை, தட்டையாக ஒரு பேட்டரிப் பெட்டிதான். நான் வாயடைத்து நின்றேன். அம்மா ஏறி உட்கார்ந்து, சேலை மாட்டுகிறதா என்று கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏந் தம்பி, சத்தமே இல்லாம வந்தா ரோட்டுல போறவனுக்கு எப்படிப்பா தெரியும்?"

"நல்ல கேள்விங்க பாட்டி. மெதுவா போறப்ப வெளிய கேக்கற மாதிரி ஒரு சத்தம் நாங்களே செட் பண்ணியிருக்கோம். அதுக்குத் தனி ஸ்பீக்கர் இருக்குது."

அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். "கழுத்து மணி கட்டியிருக்கறாங்க" என்றாள் என்னிடம். பிறகு அந்தப் பையனிடம், "இதுல முன்சக்கரம் இழுக்குதா, பின்னால இருந்து தள்ளுதா?"

"இந்த மாடல் முன்னாலங்க பாட்டி."

"இதுக்கு முன்னால யாராவது டாக்டர் வெச்சிருந்தாங்களா?"

புது வண்டி என்று அந்தப் பையன் மூன்று தடவை விளக்கிச் சொன்னான். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் நாலு இடம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டோம்.